இசட் டிரைவில் இருந்த கோயில் கணக்கு

போன செவ்வாய்க்கிழமை கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். கோயில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் சிபியூவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். பின்னால் அவருடைய தங்கை மகன். "தம்பி, இசட் டிரைவைக் காணோம்" என்றார். எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பையனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். மீதியும் புரிந்துவிட்டது.

இந்த வெயில் காலத்தில் மட்டும் எனக்கு இது நாலாவது. ரங்கூனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராம் மெமரியில் ஒரு பகுதியை வெட்டி டிரைவ் மாதிரி ஆக்கி (இதுதான் ராம் டிரைவ்), அதில் ஃபைல்களைப் போட்டால் பழைய கம்ப்யூட்டர் பறக்கும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். அந்த வீடியோ எடுத்த ஊரில் கரண்ட் போகாது போலிருக்கிறது. இங்கே அணையில் தண்ணீர் வற்றும் மாதங்களில் நிலைமை என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவா? தெருப் பிள்ளைகள் பர்மிய மொழியில் "மீ லா ப்யீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்தும்போதுதான் கரண்ட் வந்ததே தெரிகிறது. போகும்போது யாரும் கத்திச் சொல்வதில்லை.

பையன் செய்தது இதுதான். கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம். அதில் 6 ஜிபியை எடுத்து இசட் என்று ஒரு டிரைவ் உண்டாக்கினான். டி டிரைவில் இருந்த கணக்கு ஃபோல்டரை அப்படியே கட் பண்ணி அங்கே கொண்டுபோய் வைத்தான். காப்பி இல்லை, கட். மாமாவிடம் "இனி ராக்கெட் மாதிரி திறக்கும்" என்று சொல்லியிருக்கிறான்.

நன்கொடைக் கணக்கு எக்செல் ஃபைலின் அளவைப் பார்த்தேன். 412 கேபி. இந்த அளவு ஃபைலை எந்தக் கிழட்டு ஹார்ட் டிஸ்க்கும் கண் இமைக்கும் நேரத்தில் படித்துவிடும். திறக்க நேரமானது எக்செல் என்ற புரோகிராமுக்கு. அது இன்னும் சி டிரைவிலேயே, அதே பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே உட்கார்ந்திருந்தது.

கரண்ட் போனால் ராமில் எதுவும் நிற்காது என்பது பையனுக்கும் தெரியும். அதற்குத்தான் அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு: ஷட் டவுன் செய்யும்போது டிரைவ் முழுவதையும் ஒரே பெரிய ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைக்கும், மறுநாள் ஆன் செய்தால் திரும்ப ஏற்றும். அதை டிக் செய்திருந்தான். தப்பில்லை. ஆனால் 6 ஜிபியை அந்த ஹார்ட் டிஸ்க்கில் எழுத, விநாடிக்கு 80 எம்பி என்று வைத்துக்கொண்டாலும், 75 விநாடி ஆகும். அன்று இரவு ஒன்பது மணிக்குப் போக வேண்டிய கரண்ட். பெரியவர் பொறுப்பாக எட்டே முக்காலுக்கே ஷட் டவுன் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று கரண்ட் நேரத்துக்கு முன்பே, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. அந்தப் பெரிய ஃபைல் பாதியில் அறுந்தது. பழையதன் மேலேயேதான் புதியதை எழுதுகிறது என்பதால் முந்தின நாள் நகலும் அதோடு போயிற்று.

யூபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு பீப் சத்தம் போட்டுவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. வீட்டு யூபிஎஸ்ஸின் ஈய பாட்டரி ஒருமுறை காலியானால் நிரம்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் இருட்டு என்று முறை வைத்து ஓடினால் அது எந்தக் காலத்தில் நிரம்பும்? அரைப்பட்டினியாகவே கிடந்து சீக்கிரம் சாகிறது. யூபிஎஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒருநாள் வேலை எதுவும் திறந்திருக்காதபோது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பலருக்கு அன்றைக்குத்தான் உண்மை தெரியும்.

பையன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, ராமுக்கு ஐஸ் வைத்தால் உள்ளே இருப்பது அழியாதாமே?" படித்திருக்கிறான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2008இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்து காட்டினார்கள். கடுங்குளிரூட்டிய ராம் சில்லுகளில் கரண்ட் நின்ற பிறகும் சில நிமிடங்கள் தகவல் தங்கியது. ஆனால் தம்பி, கரண்ட் போனது நேற்று இரவு. நீங்கள் வந்தது இன்று காலை. ஏப்ரல் மாத ரங்கூனில்.

இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "சும்மா கிடக்கிற ராம் வீண்தானே அண்ணே?" நாலு பேரும் இதையேதான் கேட்டார்கள்.

சும்மா கிடக்கவில்லை. நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் விண்டோஸ் அதை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படித்து, மூடிய பிறகும் ஒரு பிரதியை ராமிலேயே வைத்திருக்கும். மறுபடி திறந்தால் டிஸ்க் பக்கமே போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து, நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைக் கவனித்து முன்கூட்டியே ஏற்றியும் வைக்கிறது. நம்பாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போங்கள். கீழே கேச்டு என்று ஒரு எண் இருக்கும். நீங்கள் காலி என்று நினைத்த ராம்தான் அது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து ஒரு பெரிய புகைப்பட ஃபோல்டரைத் திறங்கள், மூடுங்கள், மறுபடி திறங்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ராம் டிரைவ் செய்வதாகச் சொல்லும் வேலையை உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கெனவே கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு நல்ல விஷயம், அசல் எப்போதும் டிஸ்க்கிலேயே இருக்கும். இடம் தேவைப்பட்டால் அந்தப் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு இடத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடும். நீங்கள் வெட்டி எடுக்கும் 6 ஜிபி அப்படித் திரும்பி வராது. மிச்சம் 10 ஜிபியில் பிரவுசரில் முப்பது டேப் திறந்து உட்கார்ந்தால் இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். வேகத்துக்காகச் செய்த வேலை மெதுவாக்கும் வேலையாக முடியும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ராம் போதாதபோது டிஸ்க்கில் எழுதுவதற்கென்று இருக்கும் பேஜ் ஃபைலையே ராம் டிரைவில் கொண்டுபோய் வைப்பது. சட்டியில் சோறு போதவில்லை என்று, அதில் பாதியை இன்னொரு சட்டியில் போட்டு மூடிவைத்தால் சோறு கூடிவிடுமா?

ராம் வேகம் பொய் என்று நான் சொல்லவில்லை. டிடிஆர்4 2400 ராம் ஒன்று கணக்குப்படி விநாடிக்கு 19,200 எம்பி வரை கொடுக்கும். சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க், சுமார் 550. சுழலும் ஹார்ட் டிஸ்க் 100, 150. வீடியோவில் காட்டும் எண்கள் சரியானவைதான். கடிதம் தட்டுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் அந்த வேகம் தேவையே இல்லை. ஒருகாலத்தில் இந்த வித்தைக்குக் காரணம் இருந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஃப்ளாப்பியிலிருந்து படிப்பதைவிட ராமில் போட்டு ஓட்டுவது சொர்க்கம். 32 பிட் விண்டோஸ் காலத்தில் 4 ஜிபிக்கு மேல் போட்ட ராமைச் சாதாரணமாகத் தொடவே முடியாது என்பதால், மிஞ்சியதை டிரைவ் ஆக்கினார்கள். 2005இல் கிகாபைட் நிறுவனம் ஐ-ராம் என்று ஒரு கார்டு கொண்டுவந்தது, நாலு ராம் குச்சிகளைச் செருகி ஹார்ட் டிஸ்க் மாதிரி பயன்படுத்தலாம். அதிலேயே பாட்டரி வைத்துத்தான் விற்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும், அதைக் காப்பாற்றத்தான் ராம் டிரைவ் என்பவர்களுக்கு: 240 ஜிபி எஸ்எஸ்டியில் 80 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருந்தால், தினம் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், பதினோரு வருடம் வரும். அதற்குள் நீங்களே அந்தக் கம்ப்யூட்டரை மாற்றிவிடுவீர்கள்.

வேகம் வேண்டுமென்றால் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது. ராம் டிரைவ் வைத்தே தீருவேன் என்றால் 1 ஜிபிக்கு மேல் வேண்டாம். பிரவுசர் கேச் (பார்த்த இணையப் பக்கங்களின் தற்காலிகப் பிரதி) மாதிரி, தொலைந்தாலும் அழாத பொருளை மட்டும் அதில் வையுங்கள். புரோகிராம்கள் தற்காலிக ஃபைல்களைப் போட்டுவைக்கும் டெம்ப் ஃபோல்டரை அங்கே மாற்றாதீர்கள். பெரிய புரோகிராம் இன்ஸ்டால் செய்யும்போது இடம் போதாமல் நின்றுவிடும், பாதியில் ரீஸ்டார்ட் கேட்டால் எடுத்துவைத்ததெல்லாம் காலி. டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், படங்கள் இவற்றை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஸ்லீப்பில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், அதுவும் ராமை நம்பித்தான் இருக்கிறது. ஹைபர்னேட் கொடுங்கள், அது ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அணையும். வாரம் ஒருமுறையாவது பென் டிரைவில் காப்பி எடுங்கள், ப்ளீஸ். பத்து நிமிட வேலை. கடைக்கு வந்து "சயா (ஐயா), எப்படியாவது" என்று கையைப் பிடிப்பதைவிட அது சுலபம்.

அந்தக் கணக்கில் ஓரளவு மீண்டது. கட் பண்ணி நகர்த்தியதில் டி டிரைவில் பழைய ஃபைலின் தடம், அதன் மேலே வேறு எதுவும் எழுதப்படாமல் கிடந்தது. ரெக்கவரி போட்டு எடுத்தேன். நகர்த்திய நாள் வரைக்கும் கிடைத்தது. அதற்குப் பிந்தைய 43 நாள் எங்கேயும் இல்லை. நல்லவேளை, பெரியவர் பழைய காலத்து ஆள், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ரப்பர் பாண்டு போட்டு வைத்திருந்தார். நேற்றுப் போனேன். பையன் அடிக்கட்டையைப் பார்த்துப் பேரும் தொகையும் வாசிக்கிறான், பெரியவர் ஒற்றை விரலால் தட்டுகிறார். 212ஆம் நம்பர் ரசீதில் கார்பன் சரியாகப் பதியவில்லை. ஐயாயிரமா ஐம்பதாயிரமா என்று இரண்டு பேரும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது.