“வீடு தரையில உட்காரலையே”

கட்டப்போகும் வீட்டைக் கணினியில் நிஜம்போல் தெரியும் முப்பரிமாணப் படமாக்குவது என் வேலை. ஒரு வீட்டுப் படத்தில் இரண்டு நாள் முழுக்கப் புல்லுக்கே போயிருந்தது. ஒவ்வொரு இதழும் தனித்தனியாக வளைந்து, வெயில் ஊடுருவும் இடத்தில் மஞ்சள் தட்டி, எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. கணினி கணக்கிட்டுத் தந்த படத்தை (ரெண்டர் என்போம்) பக்கத்து மேசையில் இருந்த சைட் இன்ஜினியரிடம் காட்டினேன். த்ரீடி மென்பொருள் எதையும் அவர் தொட்டதில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, “வீடு தரையில உட்காரலையே, தூக்கி வெச்ச மாதிரி இருக்கே” என்றார். புல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் சொன்னது சரி. சுவரை ஒட்டிப் புல் கத்தியால் நறுக்கியதுபோல நின்றது. மழைத்தண்ணீர் தெறித்துச் சுவரடியில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்குப் படியும் மண்கறை இல்லை. தரை துளி மேடுபள்ளம் இல்லாமல் பலகைபோல் கிடந்தது. மூன்றையும் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் புல் தராத உயிரை அந்த ஒரு மணி நேரம் தந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது எங்கள் வேலைக்கு நன்றாகவே பொருந்தும். ஒரே படத்தை நாள்கணக்கில் பார்த்தால் கண் அதன் குறைக்குப் பழகிவிடுகிறது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம், கறுப்புவெள்ளையாக்கிப் பார்க்கலாம். நானும் செய்கிறேன், ஓரளவு உதவும். ஆனால் சுவரடியில் மண்கறை இருக்கும் என்பதே நினைவில் இல்லாதவனுக்கு, படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தெரியப்போவதில்லை. அதற்கு இன்னொருவரின் கண் வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1980களில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிஜமாகவே ஒரு பெட்டியைச் செய்து, அதையே கணினியிலும் உருவாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது நிஜம் என்று பார்வையாளர்களைக் கேட்டார்கள். ஒளியின் கணக்கு சரியாக வந்திருக்கிறது என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், தங்களுக்குத் தோன்றியதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதிகம் கிடைத்த கருத்து “பொம்மை வீடு மாதிரி இருக்கு” என்பது. முதல் தடவை கேட்டபோது லைட்டிங்கை மாற்றினேன், பொம்மை பொம்மையாகவே இருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதலில் கேமரா. மூன்று மீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். நின்று பார்க்கிற மனிதரின் கண் சுமார் 1.6 மீட்டரில் இருக்கிறது, மேலிருந்து பார்த்தாலே எதுவும் சிறிதாகிவிடும். அடுத்து செங்கல் டெக்ஸ்சர், அதாவது சுவர்மேல் போர்த்தும் செங்கல் படம். செங்கல்லும் சாந்துமாக ஒரு வரிசை 75 மில்லிமீட்டர் என்றால், 2.1 மீட்டர் கதவுக்குப் பக்கத்தில் 28 வரிசை வரவேண்டும். என் படத்தில் எண்ணினேன், 17. செங்கல் பெரிதானதால் வீடு சுருங்கிவிட்டது.

மூன்றாவது, பின்புலத்தை மங்கலாக்கியது. அழகுக்காகச் செய்தேன். ஆனால் 24 மில்லிமீட்டர் லென்ஸில் துளை அளவை எஃப் 8 வைத்து இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மையாகவே விழும். முழுக் கட்டடத்தை எடுத்த படத்தில் பின்புலம் கரைந்திருந்தால், மேசை மேல் இருக்கும் மாடலைக் கிட்டே போய் எடுத்ததாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். நான்காவது, சுவர் முனைகள். நிஜப் பூச்சு முனை சில மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும், அந்த மழுங்கலில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும். முனையை மூன்று மில்லிமீட்டர் மழுக்கியதும் (பெவல் என்போம்) அந்தக் கோடு வந்தது. ஒரே சொல்லுக்குப் பின்னால் நான்கு காரணங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சின்ன அளவில் ரெண்டர் எடுத்துப் பார்த்ததால்தான் அவை பிடிபட்டன.

புகைப்படம் எடுக்கும் நண்பர் ஒருவர் எப்போதும் நிழலைத்தான் முதலில் பார்ப்பார். “எல்லா நிழலும் ஒரே கூர்மையா இருக்கே” என்று அவர் கேட்ட பிறகுதான் அதைக் கவனிக்கத் தொடங்கினேன். சூரியன் வானத்தில் ஒரு புள்ளி அல்ல, சுமார் அரை டிகிரி அகலமான வட்டு. அதனால் ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் கூரை விளிம்பின் நிழல் ஓரம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கலங்கும், முப்பது சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னல் விளிம்பின் நிழல் மூன்று மில்லிமீட்டர்தான் கலங்கும். வெள்ளைச் சுவரைக் காட்டியும் அவர் ஒன்று சொன்னார்: வெளிச்சமே தெரியவில்லை, காகிதம் ஒட்டியதுபோல் இருக்கிறது. சுத்தமான வெள்ளைப் பெயின்ட்கூட ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். நான் சுவரின் மெட்டீரியலில், அதாவது பரப்பின் நிறமும் தன்மையும் குறிக்கும் இடத்தில், முழு வெள்ளையான 255 கொடுத்திருந்தேன். ஏறக்குறைய அந்த 80 சதவீத ஒளிக்குச் சமமான 230க்கு (இந்த எண் ஒளியோடு நேர்விகிதத்தில் ஏறாது) இறக்கியதும் சுவரில் நிழலின் ஏற்றஇறக்கம் தெரிந்தது.

கேட்கும் விதமும் முக்கியம். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பதுதான் பதிலாக வரும். “முதல்ல கண் எங்க போச்சு? எந்த இடம் பொய்யா தெரியுது?” என்று கேட்டுப் பாருங்கள். அதையும் எல்லாம் முடிந்த பிறகு கேட்காதீர்கள். மெட்டீரியல் எதுவும் போடாத சாம்பல் நிற ரெண்டரிலேயே கேமரா, அளவு, வெயில் மூன்றையும் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இறுதிப் படத்தில் குறை சொல்லத் தயங்குகிறவர்கள் சாம்பல் படத்தில் தாராளமாகச் சொல்வார்கள்.

எல்லோர் சொல்லையும் கேட்கவும் கூடாது. நடுப்பகல் படத்தில் ஜன்னல் விளக்குகள் எரிவது தெரியவேண்டும் என்று வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பார்கள். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் நேர் வெயில் ஒரு லட்சம் வரை போகும், வீட்டு விளக்கொளி சில நூறுதான்; அந்த வெயிலில் அது எடுபடாது. அந்தி நேரத்துக்கு மாற்றித்தருகிறேன் என்று நான் சொல்லிவிடுவேன். தோழரின் கருத்தானாலும் வாடிக்கையாளரின் ஆசையானாலும் வெளிச்சத்தின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கை வைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய கேள்வி ஓர் ஆர்க்கிடெக்ட் கேட்டது. கடக ரேகைக்கு வெகு வடக்கே வரப்போகும் கட்டடம், முகப்பு நேர் வடக்கு. அந்த முகப்பு முழுக்க நடுப்பகல் வெயிலை அள்ளிக் கொட்டியிருந்தேன். படத்தில் பிசிறே இல்லை. அவர் கேட்டார்: “இது எந்த மாசம், எத்தனை மணி?” என்னிடம் பதில் இல்லை. அந்த முகப்பில் நடுப்பகல் வெயில் வருடம் முழுக்க விழவே விழாது. கோடையில் அதிகாலையும் மாலையும் சாய்வாக ஒரு கீற்று வந்துபோகும், அவ்வளவுதான். அந்தப் படத்தை நம்பி ஒரு குடும்பம் வெயில் காயத் திண்ணை கட்டியிருக்கும்.

அன்றிலிருந்து என் ஃபைல் பெயரிலேயே மாதமும் மணியும் இருக்கின்றன. படத்தைப் பார்க்கக் கொடுக்கும்போது வடக்கு எந்தப் பக்கம் என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டுக் கொடுக்கிறேன்.