குறைமாதக் குழந்தையின் மூளைக்கு மருத்துவமனையும் ஒரு கருப்பை

டெல்லியில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் என்னிடம், முனிர்க்காவிலிருந்தும் ஆர்.கே.புரத்திலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பத்தினர் முதலில் கேட்பது எடை ஏறுகிறதா என்பதைத்தான். மூளையைப் பற்றிய கேள்வியோ, பல மாதங்கள் கழித்து, கழுத்து நிற்கவில்லையே என்ற கவலையோடு வருகிறது. அந்தக் கேள்விக்கான வேலை முதல் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.

28 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் மூளை மேற்பரப்பில் மடிப்புகள் மிகக் குறைவு. கருப்பைக்குள் அடுத்த 12 வாரங்களில் உருவாக வேண்டிய அவை, இன்குபேட்டருக்குள் வெளிச்சத்துக்கும் அலாரம் ஓசைக்கும் ஊசிகளுக்கும் நடுவே உருவாகின்றன. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து முதல் 72 மணி நேரத்தில்தான் மிக அதிகம்; அங்குள்ள மெல்லிய நாளங்கள் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைத் தாங்குவதில்லை. ஆகவே தலையை ஒருபக்கம் திருப்பாமல் நடுவில் வைப்பதும், டயப்பர் மாற்றும்போது கால்களை மேலே தூக்காதிருப்பதும் மருந்துக்கு நிகரான கவனத்தோடு செய்யவேண்டியவை.

சில மாதங்களுக்கு முன், 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக் குதிகாலில் இரத்தம் எடுத்தோம். விரல்கள் ஐந்தும் விரிய, முகம் சுருங்க, திரையில் 94 என்றிருந்த ஆக்சிஜன் அளவு 82-க்கு இறங்கியது. கைகழுவி நின்றிருந்த தாயிடம், ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடக்கிய கால்களிலும் அசையாமல் வைக்கச் சொன்னேன். "பச்ச உடம்பாச்சே டாக்டரம்மா, தொடலாமா?" என்று தயங்கியவர், எண் மெல்ல ஏறுவதைப் பார்த்தபின் கையை எடுக்கவே இல்லை. வருடக்கூடாது, தட்டக்கூடாது, அசையாத கையின் கதகதப்புதான் அந்த வயதுக்கு ஆறுதல்.

குழந்தையைத் தாய் தன் நெஞ்சோடு அணைத்துவைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது நடந்த ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளுள் நம் டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஒன்று. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இப்படி அணைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு தெரிந்தபின்னும் தாயைப் பார்வை நேரத்துக்கு மட்டும் உள்ளே விடும் பிரிவுகள் இருப்பது எனக்கு வேதனையளிக்கிறது. எப்போது நெஞ்சில் போடலாம் என்று நீங்களே தினமும் கேளுங்கள். தாய்க்கு முடியாதபோது தந்தையோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம்.

இன்குபேட்டர்மீது பால் பாட்டிலை வைக்காதீர்கள். அந்தச் சிறு ஓசை உள்ளே பேரோசையாகக் கேட்கும். வீடு திரும்பியபின், பிறந்த தேதியிலிருந்து அல்லாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட்டே தவழ்வதையும் உட்காருவதையும் பாருங்கள். முதல் மாதம் முடிவதற்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.