காவல்துறையின் சேனல் உங்கள் செட்டில் எதற்கு?

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் குழுவொன்றைச் சேர்ந்த இருவர், சென்ற வாரம் பாளையங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்கு வந்து, இணையத்தில் வாங்கிய ஆறு வாக்கி டாக்கிகளை மேசையில் பரப்பினார்கள். "அண்ணாச்சி, போலீஸ் சேனலையும் இதுல ஏத்திக் குடுத்துருங்க. கூட்டத்துல அவசரம்னா உதவும்லா" என்றார் மூத்தவர். இந்த ஒரு மாதத்தில் இதே கோரிக்கையோடு வந்த நான்காவது குழு இது.

அவர்களின் நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் கைபேசிகள் ஓய்ந்துபோனதைக் கண்ட பிறகுதான் இந்தப் பக்கத்தில் பலருக்கும் வயர்லெஸ் செட்டின் மேல் நம்பிக்கை பிறந்தது. ஆனால், ஒரு சேனலை எல்லோரும் கேட்கவும் பேசவும் முடிந்துவிட்டால் அதுவே ஒருங்கிணைப்பு என்று எண்ணுவது தவறு.

காவல்துறைகள் பொதுவாக எல்லோரையும் ஒரே சேனலில் வைப்பதில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும் ரோந்து வாகனங்களுக்கும் இடையிலான அன்றாடப் பேச்சு, உயரமான இடத்தில் நின்று, வரும் பேச்சை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் ரிப்பீட்டர் வழியாக நடக்கிறது. தேரோட்டம், தேடுதல் வேட்டை போன்ற தனிப் பணிக்கு வேறொரு சேனல் ஒதுக்கப்படுகிறது. அது பெரும்பாலும் ரிப்பீட்டர் இல்லாமல், செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும் குறுகிய தூரச் சேனல். களத்தில் இருக்கும் ஒருவர் இரண்டையும் கவனித்து, மேலே தெரிய வேண்டியதை மட்டும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வந்த ஏற்பாடு இது.

அந்த இருவரில் இளையவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டிய வாதம்: "டோன் போட்டுட்டா நாம பேசுறது அவங்களுக்குத் தொந்தரவா இருக்காதே?" செட்டின் அட்டைப்பெட்டியிலேயே 'பிரைவசி கோட்' என்று அச்சிட்டு விற்கிறார்கள், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? டோன் என்பது 67 ஹெர்ட்ஸில் தொடங்கி 254 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த ஒலி. குரலோடு சேர்ந்து போகும் அது, பெறுகின்ற செட்டின் ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிறது; அது வராவிட்டால் ஒலிபெருக்கி மூடியே இருக்கும், அவ்வளவுதான். அது பேச்சை மறைப்பதுமில்லை, அலைவரிசையைப் பிரிப்பதுமில்லை. நெல்லை டவுன் ரத வீதியில் காதைப் பொத்திக்கொண்டு வண்டி ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருகிறவரின் ஹாரன் கேட்காது. தெரு என்னவோ அதே தெருதான். டோன் போட்ட செட் அமைதியாக இருப்பதால் சேனல் காலியாக இருக்கிறது என்று நம்பி நீங்கள் பட்டனை அழுத்தும் அந்த நொடியில், அதே அலைவரிசையில் ஓர் ஏட்டு மயங்கி விழுந்த பக்தருக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருடைய குரலை உங்கள் செட் மிதித்துவிடும். மிதித்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. டோன் போடாதவராவது கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

பகிர்தல் என்பது முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்பாடு. அமெரிக்காவில் 155.475 மெகாஹெர்ட்ஸ், காவல் துறைகள் ஒன்றுக்கொன்று உதவும்போது பேசுவதற்கென நாடு முழுவதும் ஒரே பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பது சிறிய விஷயமல்ல: ஒரு துறையின் மூன்றாவது சேனல் இன்னொரு துறையின் செட்டில் ஏழாவதாக இருந்தால், "மூன்றுக்கு வாருங்கள்" என்பதற்குப் பொருளே இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கைகள் தீயணைப்புத் துறையின் சேனலுக்கு நேரடியாகப் போய்ச் சேரவில்லை; அன்று தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தனர். இதைச் சொல்லித்தான் பலரும் 'ஒரே சேனல்' கேட்கிறார்கள். அதே நாளில், தீயணைப்புத் துறையின் களச் சேனலிலேயே அளவுக்கு மீறிய குழுக்கள் ஒரே நேரத்தில் பேச முயன்று அது திணறியதையும் விசாரணை ஆணையம் பதிவுசெய்திருக்கிறது. அதை எவரும் சொல்வதில்லை.

காரையாறு ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், திருவிழாவில் வனத்துறையும் காவல்துறையோடு நிற்கிறது. மலை மறைக்கும் இடங்களில் அவர்களுடைய செட்டுகளுக்கே சிக்னல் திக்கும். அங்கே அறிமுகமில்லாத ஆறு குரல்கள் கூடுதலாக நுழைந்தால் யாருக்கு உதவி?

ஆகவே, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் இயங்கும், உபகரண ஒப்புதல் பெற்ற குறைந்த சக்தி செட்டை வாங்குங்கள். அதற்கு உரிமம் தேவையில்லை. உரிம விலக்கு இல்லாத அலைவரிசையில் பேசும் செட்டை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். விலை மலிவு என்பது அப்படிப்பட்ட செட்டை வாங்க ஒரு காரணமே இல்லை. காவல்துறையின் பந்தோபஸ்து ஆலோசனைக் கூட்டத்துக்கு உங்கள் குழுவிலிருந்து ஒருவரை அனுப்பி, திருவிழா முடியும்வரை அவரைக் காவல் உதவி மையத்திலேயே உட்கார வையுங்கள். நீங்கள் உங்கள் சேனலில் அவரிடம் சொல்லுங்கள், அவர் அருகிலிருக்கும் அதிகாரியிடம் வாயால் சொல்லட்டும். காவல்துறையின் பேச்சு தற்செயலாக உங்கள் செட்டில் கேட்டால், தயவுசெய்து பட்டனைத் தொடாமல் சேனலை மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே எவரிடமாவது கொடுத்து அந்தச் சேனலை ஏற்றியிருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு என்னிடம் கொண்டு வாருங்கள். அழித்துத் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை.