எக்கோவில் தெரியும் புகையின் முதற் சுவடு

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருபது ஆண்டுகளாகப் பீடி பிடிக்கும் ஒருவர் எக்கோ என்னும் இதயப் பரிசோதனை எடுத்துவிட்டு வந்து, “இதயம் அறுபது வீதம் வேலை செய்யுதாம்” என்று சொன்னால், வீட்டார் அதைப் பரீட்சைப் புள்ளியைப் போல நினைத்துக் கலங்குவார்கள். அது புள்ளி அன்று. இடது இதயவறையில் நிரம்பிய குருதியில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படும் பங்கே அந்த எண். ஏறத்தாழ 55 முதல் 70 வீதம் வரை இயல்பானது. ஆகவே அறுபது நல்ல எண்தான். ஆயினும் புகை முதலில் கைவைக்கும் இடத்தை அது காட்டுவதில்லை.

எக்கோ என்பது எதிரொலி. படகிலிருந்து ஒலியை அனுப்பிக் கடலடியையும் மீன் கூட்டத்தையும் அறியும் கருவியின் தத்துவமே இதிலும் உள்ளது. சுவீடனின் லுண்ட் நகரில் 1953ஆம் ஆண்டு எட்லர் என்ற வைத்தியரும் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவியொன்றைக் கொண்டே துடிக்கும் இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவுசெய்தனர். இன்று, களி பூசி மார்பில் வைக்கப்படும் கருவி, காதுக்குக் கேளாத கழியொலியை விலா எலும்புகளின் இடைவெளியூடாக அனுப்புகிறது. உடலின் மென்மையான இழையங்களில் அது செக்கனுக்கு 1540 மீற்றர் வேகத்தில் செல்வதால், 10 சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப ஒரு செக்கனின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படுவதில்லை.

நிக்கொட்டின் துடிப்பின் வேகத்தையும் குருதி அமுக்கத்தையும் உயர்த்த, இதயத்தின் ஒட்சிசன் தேவை கூடுகிறது. அதே வேளையில், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்புடன் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்வதால் ஒட்சிசன் வரவு குறைகிறது. நாடிகளின் உட்சுவரும் புண்படுகிறது. இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகள் இதயத்தின் வெளிப்புறத்தில் ஓடி உள்நோக்கிக் கிளைப்பவை. கடைமடை வயலுக்குக் குளத்துநீர் கடைசியில் வருவதுபோல, தசையின் உட்படைக்குக் குருதி கடைசியில்தான் வந்து சேருகிறது. தட்டுப்பாட்டை முதலில் உணர்வதும் அதுவே.

அந்த உட்படையின் நார்கள் பெரும்பாலும் இதயத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. அவை வலுவிழந்தாலும், நடுப்படையின் வட்டநார்கள் இறுகிச் சுருங்கி வெளியேற்றத்தைக் காப்பாற்றிவிடுவதால் அறுபது அறுபதாகவே நிற்கிறது. இந்த மறைப்பை விலக்குவது ‘ஸ்ட்ரெயின்’ என்னும் அளவீடு. எக்கோத் திரையில் இதயத் தசை, அரிசிமா தூவியதுபோல நுண்புள்ளிகளாகத் தெரியும். ஒரு துடிப்பின்போது அப்புள்ளிகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்குகின்றன என்பதைக் கணினி பின்தொடர்ந்து, தசை நீளவாக்கில் எத்தனை வீதம் குறுகியது என்று கணிக்கிறது. நல்ல இதயத்தில் அது 20 வீதத்தை ஒட்டியிருக்கும்; 16க்குக் கீழே இறங்கினால் தசை வலுவிழந்துள்ளது எனக் கொள்வர்.

இந்த வசதி எல்லா இயந்திரங்களிலும் இல்லை. அதனினும் பரவலாகக் கிடைப்பது, அசைவின் வேகத்தை எதிரொலியால் அறியும் டொப்ளர் முறை. அது இதயம் சுருங்குவதை மட்டுமன்றித் தளர்வதையும் அளக்கிறது. தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வின் வளையம், தசை தளரும்போது விரைந்து பின்வாங்க வேண்டும். விறைத்த இதயத்தில் அந்த வேகம் குறையும்; பக்கச் சுவரில் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் வைத்தியர் கவனிப்பார்.

இவற்றைக் கண்டவுடன் புகைதான் காரணம் என்று எக்கோ கைகாட்டாது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, முதுமை ஆகியவையும் இதே தடத்தைத்தான் பதிக்கும். நாடியின் அடைப்பும் இதில் நேரடியாகத் தெரியாது. எனவே எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எத்தனை பீடி அல்லது சுருட்டு என்பதை மறைக்காமல் சொல்வது அறிக்கையின் எண்களுக்குப் பொருள் தருகிறது. அவமானத்துக்கு அஞ்சி அதை ஒளிப்போரே நம்மிடையே அதிகம் என்பது என்னை வருத்துகிறது.

இன்னுமொன்று. முறை வரும்வரை வெளியே தேநீர்க் கடையடியில் நின்று ஒரு சிகரெட் புகைத்துவிட்டுப் படுக்கையில் ஏறுவோரும் உண்டு. அந்த ஒன்றே நாடித்துடிப்பைக் கூட்டி, இதயம் தளரும் வேகத்தையும் மாற்றிவிடக்கூடும். அப்போது திரையில் தெரிவது இருபது ஆண்டுப் புகையின் விளைவா, அரைமணிக்கு முன் இழுத்த புகையின் விளைவா என்று பிரித்தறிவது வைத்தியருக்கும் கடினமாகும்.