பிங் தோற்றால் எந்தப் பக்கம் தோற்றது?

நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. புதிதாக இணைத்த கணினிக்கு சிஸ்கோ ரவுட்டரிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் முதலில் ஒரு புள்ளி (பதில் இல்லை), பிறகு நான்கு ஆச்சரியக்குறிகள் (பதில் வந்தது) வரும். அந்தப் புள்ளி ஏன்? சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழோடு வருபவர்களே பல சமயம் "லைன் ஸ்லோ சார்" என்கிறார்கள். பாக்கெட் ட்ரேசர் என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் சிமுலேஷன் முறைக்கு மாற்றி, ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டு) உறை வடிவில் நகர்வதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ரவுட்டருக்கு அந்தக் கணினியின் ஐபி தெரியும், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) தெரியாது. அதை விசாரிக்க ஏஆர்பி என்ற கேள்விச் செய்தி கிளம்புகிறது. பதில் வருவதற்குள் முதல் பாக்கெட் கைவிடப்படுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் பாக்கெட் ட்ரேசர் இலவசம். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் நம் பிள்ளைகள் வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்து, பிங் போனதும் மூடிவிடுகிறார்கள். வேலை செய்யும் லேபில் கற்க அதிகம் இல்லை. கெடுத்துப் பாருங்கள்.

இரண்டு ரவுட்டர், இருபுறமும் ஒவ்வொரு கணினி. இடது ரவுட்டரில் வலப்பக்க நெட்வொர்க்குக்கான ஸ்டாட்டிக் ரூட்டை (கையால் எழுதிவைத்த வழியை) எடுத்துவிட்டு, இடது கணினியிலிருந்து பிங் கொடுங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று கேட்வேயே (அந்த இடது ரவுட்டரே) பதில் சொல்லும். அதைத் திரும்பப் போட்டுவிட்டு, வலது ரவுட்டரில் திரும்பி வரும் ரூட்டை எடுங்கள். இப்போது 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. போன பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் வழி தெரியாமல் வலது ரவுட்டரில் செத்தது. இந்த வித்தியாசம் பிடிபடாதவர்கள் இடது ரவுட்டரையே மணிக்கணக்கில் நோண்டுவார்கள். வேலையிலும் இதுதான் நடக்கிறது, விபிஎன் போட்ட இடங்களில் குறிப்பாக. டைம்டு அவுட் என்றாலே திரும்பும் வழிதான் கோளாறு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது; ஃபயர்வால் விழுங்கினாலும் அதே வரிதான்.

அடுத்து ஓஎஸ்பிஎஃப்: ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை. ஈதர்நெட்டில் 10 வினாடிக்கு ஒரு ஹலோ செய்தி; 40 வினாடி (டெட்) ஹலோ வராவிட்டால் பக்கத்து ரவுட்டர் (நெய்பர்) போய்விட்டதாகக் கணக்கு. ஒரு பக்கம் மட்டும் ஹலோவை மாற்றிவிட்டு, நெய்பர் பட்டியலிலிருந்து அந்த வரி எப்போது மறைகிறது என்று பாருங்கள். என்டர் தட்டுமுன் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. எழுதாவிட்டால், பார்த்த பிறகு "இது எனக்கு முன்பே தெரியும்" என்று மனசு ஏமாற்றும்.

பாக்கெட் ட்ரேசர் வெறும் பாவனை. எல்லாக் கமாண்டும் அதில் இல்லை. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி என்ற மென்பொருள்கள் இரண்டும் ரவுட்டரின் அசல் இயங்குதளத்தையே ஓட்டும். அதற்கான ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) கோப்பை டெலிகிராம் குழுக்களில் தேடாதீர்கள்: உரிமம் இல்லாத சரக்கு, உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்றும் தெரியாது. லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளைப் போட்டு ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) இரண்டையும் காசில்லாமல் பழகலாம்.

கேபிள் கிரிம்ப் செய்வதையும் (முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்துவது), லேபிள் இல்லாத ரேக்கில் ஒரு வயரைத் தேடுவதையும் எந்த சிமுலேட்டரும் சொல்லித்தராது. சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கிரிம்பிங் டூலும் ஆர்ஜே45 கனெக்டர்களும் வாங்கி, அதையும் கூடவே பழகிவிடுங்கள்.