‘=’ என்றால் ‘விடை’ இல்லை: பிள்ளைகள் தடுக்கி விழும் கணிதக் குறிகள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பலர் கட்டத்தில் 12 போடுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. கூட்டத் தெரியாததால் வரும் தவறு இல்லை இது. சிறு வகுப்பில் 5 + 3 = ___ என்ற ஒரே வடிவத்தில் பயிற்சி செய்து செய்து, சமக்குறியைப் பார்த்ததும் ‘இங்கே விடை எழுது’ என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அந்தக் குறி சொல்வது, இரண்டு பக்க மதிப்பும் ஒன்று என்பதைத்தான். 1557-இல் இதை அச்சில் கொண்டுவந்த வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டும், இணைகோடுகள் இரண்டைப்போல வேறெந்த இரண்டும் சமமாக இராது என்றே காரணம் சொன்னார்.

இந்தப் பழக்கம் மேல்வகுப்புக்கும் கூடவே வருகிறது. களக்காட்டில் ஒரு வாழைத்தார் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 தார் வாங்கி, ஏற்றுக்கூலி 40 ரூபாய் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு? விடைத்தாளில் அடிக்கடி வருவது இது:

350 × 2 = 700 + 40 = 740

கடைசி எண் சரிதான். ஆனால் எழுதியபடி வாசித்தால் 350 × 2 என்பது 740 ஆகிவிடுகிறது. 350 × 2 = 700 என்று ஒரு வரி, 700 + 40 = 740 என்று அடுத்த வரி எழுத வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் 8 = 5 + 3, 6 + 2 = 5 + 3 என்றும் எழுதிக் காட்டுங்கள். சமன்பாடு படிக்கும்போது பாதிப் பயம் இதிலேயே போய்விடும்.

≤ (அதற்கு மிகாமல்), ≥ (அதற்குக் குறையாமல்) குறிகளில் சறுக்குவது வேறு விதம். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி என்றால், நீர்மட்டம் ≤ 143. இதைச் சரியாக எழுதும் பிள்ளைகள், ‘தேர்ச்சிக்குக் குறைந்தது 35 மதிப்பெண்’ என்றதும் ‘குறைந்தது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ≤ 35 என்று போட்டுவிடுகிறார்கள். 34, 35, 36 மூன்றையும் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 35-ம் 36-ம் பாஸ், 34 ஃபெயில். அப்படியானால் மதிப்பெண் ≥ 35.

கழித்தல் குறிக்கு அடைப்புக்குறி முக்கியம். (−3)² = 9; ஆனால் −3² = −9, ஏனென்றால் வர்க்கம் 3-க்கு மட்டும்தான். எக்செலில் =-3^2 என்று அடித்தால் 9 என்றே காட்டும். அதைப் பார்த்துத் தேர்வில் எழுதிவிடக் கூடாது. அதேபோல √16 = 4 மட்டுமே. வர்க்கம் 16 ஆகும் எண்கள் எவை என்று கேட்டால்தான் 4, −4 இரண்டும் வரும்.

‘π = 22/7 எனக் கொள்க’ என்பது கணக்குப் போடுவதற்கான வசதி. 22/7 என்பது 3.1428…, π என்பது 3.1415…, ஆகவே π ≈ 22/7 என்பதே சரி. சமம் என்றே மனப்பாடம் செய்த பிள்ளை, π விகிதமுறு எண்ணா (இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியுமா) என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதிவிடும்; சரியான விடை ‘இல்லை’.

வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பும் ஆசிரியர்களுக்கு: நோட்டில் 4 + 2-க்குக் கீழே கோடு போட்டு 3 எழுதினால் மதிப்பு 2. அதையே போனில் 4+2/3 என்று அடித்தால் நாலே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. (4+2)/3 என்று அடைப்புக்குறி போட்டு அனுப்புங்கள்.