பேட்டண்ட்: முதலில் விண்ணப்பம், அப்புறம் வீடியோ

தேங்காய் உரிக்க நீங்களே ஒரு கருவி செய்து, பட்டறையில் ஓட்டியும் பார்த்தாயிற்று. நன்றாக உரிக்கிறது. உடனே யூடியூபில் போடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். காப்புரிமை, அதாவது பேட்டண்ட், புதியதற்குத்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் நீங்களே ஊருக்குக் காட்டிவிட்டால் அது 'ஏற்கெனவே தெரிந்தது' ஆகிவிடும். அரசு அறிவித்த கண்காட்சி போன்ற ஒருசில இடங்களில் காட்டியிருந்தால் மட்டும், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க விலக்கு உண்டு.

ஏற்கெனவே தெரிந்ததற்குக் காப்புரிமை நிற்காது என்பதற்கு ஓர் உதாரணம்: காயம் ஆற்ற மஞ்சள் தூள் என்று 1995இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களை எடுத்துக் காட்டி வாதாட, 1997இல் அது ரத்தானது. பாட்டி வைத்தியம், விவசாய முறை, கணக்குப் போடும் முறை ஆகியவற்றுக்கு நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் இடம் கிடையாது.

கருவி இன்னும் முழுசாகத் தயாராகவில்லையா? தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கருவியைப் பற்றிய முதற்கட்ட விளக்கம் கொடுத்து, விண்ணப்பத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தர வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் உயிர்நாடி 'உரிமைக்கோரல்' பகுதிதான், அதாவது கருவியில் எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதி. "இரண்டு தகடுகள், நடுவில் ஒரு சுருள்வில்" என்று மட்டும் எழுதினால், வில்லுக்குப் பதில் நெம்புகோல் வைத்துச் செய்பவர் தப்பிக்க வழி கிடைத்துவிடும். ரொம்ப அகலமாக எழுதினால் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் பழைய கருவி ஒன்றைக் காட்டி மறுப்பார். பணம் செலவழிப்பதென்றால் பதிவுபெற்ற காப்புரிமை முகவரிடம் இதை எழுதி வாங்கச் செலவழியுங்கள்.

விண்ணப்பம் போட்டால் ஆய்வு தானாக நடக்காது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், தனிநபருக்கு 4,000 ரூபாய். முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதிப்படி 31 மாதம்தான். தவறினால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். உழைத்தவர் இப்படி இழப்பதுதான் மனசுக்குக் கஷ்டம்.

கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை, அதுவும் இந்தியாவுக்குள் மட்டும். உங்கள் அனுமதியின்றி யாராவது செய்து விற்றால் போலீஸ் வராது. நீங்கள்தான் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணமும் உண்டு. கட்டாமல் விட்டு உரிமை போனால், 18 மாதத்துக்குள் காரணம் சொல்லி மீட்கக் கேட்கலாம்.